கமராவுக்கு ஒரு வண்டி

புகைவண்டியின் சாளரத்தருகே அமர்ந்து செல்பவர், எவரும் கற்பியாமலே ஓர் உண்மையைக் கற்றுக்கொள்கிறார். பாதையோரத்துக் கம்பங்கள் பின்னோக்கிப் பாய்ந்தோடுகின்றன. வயலுக்கு அப்பால் நிற்கும் பனைகள் மெல்ல நகர்கின்றன. அவற்றிற்கும் அப்பாலுள்ள காட்டின் விளிம்பு அசைகிறதோ இல்லையோ என்று ஐயுறுமாறு கிடக்கிறது. வானத்து நிலவோ வண்டியோடு கூடவே வருகிறது. அண்மையிலுள்ளது விரைந்தும் சேய்மையிலுள்ளது மெதுவாகவும் நகர்வதைக் கொண்டே கண்ணானது இடத்தின் ஆழத்தை அளந்தறிகிறது. நின்ற இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு உலகம் சுவரிலே தீட்டிய சித்திரம். நகர்ந்துகொண்டே பார்ப்பவனுக்கு அது நடந்து புகத்தக்க வீடு.

திரைப்படத்தின் திரை வெறும் தட்டையான துணி. அத்துணிக்கு ஆழங் கொடுக்கும் வழிகளுள் முதன்மையானது கமராவை இடம்பெயர்த்தல். அதனை ஆட்டம் அசைவின்றி இடம்பெயர்ப்பதற்குச் சில்லுகள் பூட்டிய ஒரு மேடை வேண்டும். ஆங்கிலத்தில் இதனை டொலி என்பர். தமிழகத்துப் படப்பிடிப்புத் தலங்களில் ட்ராலி என்று வழங்குவர். பெரிய படமனைகளில் இருக்கும் இவ்வண்டிகள், உருக்குத் தண்டவாளமும் ஏறி இறங்கும் இருக்கையும் கொண்டவை. விலையும் வாடகையும் மிகுந்தவை. கையில் ஒரு சிறு கமராவும் உள்ளத்தில் ஒரு கதையும் உடைய இளைஞனுக்கு அவை எட்டாக்கனி. ஆனால் அதே தொழிலைச் செய்யும் ஒரு வண்டியைத் தச்சுவேலை சிறிது அறிந்த எவரும் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம். அதைச் செய்வது எங்ஙனம், செய்தபின் எப்போது தள்ளுவது, எப்போது தள்ளாது விடுவது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

முதலில் சிறிது வரலாறு. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் தம் படங்களைப் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டினர். அப்படங்களிலே கமரா ஒரே இடத்தில் ஊன்றி நின்றது. அடுத்த ஆண்டில், அவர்களிடம் பணிபுரிந்த அலெக்சாந்தர் புரோமியோ என்பவர் வெனிஸ் நகரத்துக்குச் சென்றார். தெருவுக்குப் பதிலாக நீர்வாய்க்கால்கள் ஓடும் நகரம் அது. அங்கே தோணி ஒன்றில் கமராவை வைத்துக் கரையோரத்து மாளிகைகளைப் படம் பிடித்தார். மாளிகைகள் நிற்க, தோணி நகர, பார்ப்போருக்கு மாளிகைகளே ஊர்வலம் வருவதுபோல் தோன்றிற்று. கமராவுக்கு வாய்த்த முதல் வண்டிகளுள் ஒன்று, யாரும் புதிதாகச் செய்யாத, அங்கே ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த ஒரு தோணி என்பது நினைவில் இருத்தத்தக்கது.

இதற்கெனத் தனி வண்டி செய்து பெயர் பெற்றவர் இத்தாலிய இயக்குநர் ஜொவான்னி பாஸ்த்ரோனே. 1914இல் வெளிவந்த ‘கபீரியா’ என்னும் படத்திற்காக அவர் மிகப் பெரிய கோயில்களையும் மாளிகைகளையும் கட்டியெழுப்பினார். அவற்றின் பெருமை தட்டைத் துணியிலே புலப்படாது என்பதை உணர்ந்து, கமராவைச் சில்லு மேடையில் ஏற்றி மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினார். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலக, பார்ப்பவர் கோயிலுக்குள் புகுந்தார். பத்தாண்டுகளின் பின், 1924இல், செருமானிய இயக்குநர் முர்னோ எடுத்த ‘கடைசி மனிதன்’ என்ற படத்திலே ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபுரொய்ந்த் கமராவைத் தம் மார்பிற் கட்டிக்கொண்டார். மின்தூக்கியில் இறங்கி, சைக்கிளில் ஏறி விடுதியின் முன்மண்டபத்தைக் கடந்தார். அக்கால மக்கள் இதனைக் கண்டு வியந்தனர். ஆயினும் வியப்புக்குக் காரணமான கருவி ஒரு சாதாரணச் சைக்கிளே.

1959ஆம் ஆண்டு பாரிஸ் தெருக்களிலே இளைஞர் ஒருவர் குறைந்த பணத்தில் தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ழான் லுக் கொதார். படம் மறு ஆண்டு வெளிவந்த ‘மூச்சுத் திணற’. தண்டவாளம் இட்டு வண்டி ஓட்ட அவருக்கு வசதியுமில்லை, பொறுமையுமில்லை. ஒளிப்பதிவாளர் ரவூல் கூத்தாரை நோயாளர் செல்லும் சில்லு நாற்காலியில் அமர்த்தி, அதனை இயக்குநரே தள்ளிக்கொண்டு போனார். மக்கள் நெரிசல் மிகுந்த ஷான்செலிசே பெருந்தெருவில், அஞ்சல்காரரின் தள்ளுவண்டிக்குள் கூத்தாரை ஒளித்துவைத்து, துளை வழியாகப் படம் எடுத்தார். தெருவிற் சென்றோர் அஞ்சல் வண்டி செல்கிறதென்று எண்ணித் தம்பாட்டிற் போயினர். உலகத் திரைப்படத்தின் போக்கையே மாற்றியவற்றுள் ஒன்றாக அப்படம் இன்று போற்றப்படுகிறது.

அமெரிக்காவில் சாம் ரெய்மியும் அவர் நண்பர்களும் 1981இல் வெளியிட்ட ‘தீய ஆவி’ப் படத்திற்காகக் கமராவைப் பலகையொன்றின் நடுவே பூட்டி, அதன் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினர். வழுவழுப்பான நகர்வு வேண்டிய இடத்தில், பலகையில் வசலின் பூசி அதன்மேல் கமராவைச் சறுக்கவிட்டனர். றொபேட் ரொட்றிகேஸ் என்பார் ஏறக்குறைய 7,000 டொலர் செலவில் மெக்சிக்கோ நாட்டு எல்லை ஊரொன்றில் எடுத்த ‘எல் மரியாச்சி’ 1992இல் வெளிவந்தது. அவருக்கும் வண்டியாக உதவியது ஒரு சில்லு நாற்காலியே.

இலங்கையிலும் இதனையொத்த துணிவு காணப்பட்டதுண்டு. முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்த காலந்தொட்டுச் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படமனைகளின் நாற்சுவருக்குள்ளேயே பெரிதும் எடுக்கப்பட்டுவந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்குடன் சேர்ந்து, ‘ரேகாவ’ என்னும் படத்தைப் படமனையை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலிலும் வெளியிலும் எடுத்தார். படமனையின் வசதிகள் இல்லாவிடில் படமே இல்லை என்ற எண்ணத்தை அது உடைத்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கருவி இல்லை என்று கைகட்டி இருப்பவருக்கு மேற்கூறிய வரலாறுகள் நல்ல மறுமொழி. எனினும் கமரா வண்டியைப் பொறுத்தவரை, கூடம் உண்மையாகவே கோணலாக இருந்துவிட்டால் ஆட்டம் கெட்டுத்தான் போகும். ஆதலால் கோணலை நீக்கும் வழியையும் அறிதல் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வில்லையைத் திருகினாலே தொலைவிலுள்ள பொருள் அருகே வருகிறதே, வண்டி எதற்கு என்பதே அவ்வையம். வில்லையைத் திருகும்போது முன்னே நிற்கும் மரமும் பின்னே இருக்கும் வீடும் ஒரே அளவிற் பெருக்கின்றன. ஒளிப்படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. கமரா நகரும்போதோ மரம் விரைந்து பெருத்து விலக, வீடு மெல்லவே வளர்கிறது. புகைவண்டிச் சாளரத்திற் கண்ட உண்மை இதுவே.

இவ்விரண்டையும் எதிர்த்திசையில் ஒருங்கே செய்தால் என்னாகும் என்பதை அல்பிரெட் ஹிட்ச்கொக் 1958இல் வெளியிட்ட ‘வேர்ட்டிகோ’ படத்திற் காட்டினார். உயரத்தைக் கண்டு அஞ்சும் ஒருவன் கோபுரப் படிக்கட்டின் மேல் நின்று கீழே பார்க்கிறான். கமரா பின்வாங்க, வில்லை முன்னே இழுக்க, படிக்கட்டின் ஆழம் கண்முன்னே நீள்கிறது. சில நொடிகளே நிற்கும் அக்காட்சிக்கு 19,000 டொலர் செலவாயிற்று என்று ஹிட்ச்கொக் கூறியுள்ளார். அவ்வளவு உயரத்தில் கமராவை மேலுங் கீழும் இயக்குவது பெருஞ் செலவாகும் என்பதனால், படிக்கட்டைச் சிறிய உருவில் செய்து, அதைப் படுக்கவைத்து, தரையில் ஓடும் வண்டியிலிருந்தே அதனைப் படம் பிடித்தனர். பெரும் பணம் படைத்த படமனையும் ஈற்றிலே நாடியது தரைமேல் ஓடும் ஒரு வண்டியையும் எளிய ஒரு தந்திரத்தையுமே.

இனி வண்டியைச் செய்யும் முறை. இதற்கு மூன்று பகைகள் உள. அவை குலுக்கம், சாய்வு, ஓசை என்பன. வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் இம்மூன்றில் ஒன்றையேனும் வெல்லுதற்காகவே அமைவது. இதனை உணர்ந்தவர், குறித்த பொருள் கிடைக்காதபோது வேறொன்றை வைத்துத் தாமே சமாளித்துக்கொள்வர்.

மேடைக்கு முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒட்டுப்பலகை போதும். மூன்றடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இருந்தால் கமராவின் முக்காலி அதன்மேல் நன்கு ஊன்றி நிற்கும். பலகை நடுவிலே தொய்யாதிருக்கும்பொருட்டு அடியிற் குறுக்காக இரண்டு மரச்சட்டங்களைத் திருகாணியால் இறுக்கிக்கொள்ளல் வேண்டும். முக்காலியின் கால்கள் வழுக்காமல் இருக்க, அவை பதியும் இடங்களிற் சிறு பள்ளங்கள் தோண்டலாம். அல்லது பழைய சைக்கிள் தியூப்பை வெட்டி ஒட்டலாம். முக்காலியைக் கயிற்றினால் மேடையோடு இழுத்துக் கட்டிவிடுவது இன்னும் நன்று.

அடுத்தது சில்லு. பிள்ளைகள் காலில் அணிந்து சறுக்கியோடும் சில்லுச் சப்பாத்துகள் பழைய பொருட்கடைகளிற் கிடைக்கும். ஒரு சப்பாத்தில் வழக்கமாக நான்கு சில்லுகள் உள; இரண்டு சோடி வாங்கினால் பதினாறு சில்லுகள் கிடைத்துவிடும். மூலைக்கு நான்காக இவை நான்கு மூலைகளுக்கும் போதும். இச்சில்லுகளின் சிறப்பு, அவற்றினுள்ளே இருக்கும் பேரிங் என்னும் குண்டுத்தாங்கி. பெரும்பாலான சப்பாத்துகளில் இது ஒரே அளவினது; உட்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். ஆகவே 8 மில்லிமீற்றர்ப் போல்ட் ஒன்று அதனுட் செம்மையாகப் பொருந்தும்.

சில்லுகளைத் தட்டையான தரையில் ஓடவிடாமல், உருண்டைக் குழாயின் மேல் ஓடவிடுவதே இவ்வண்டியின் சூழ்ச்சி. இதற்கு ‘ட’ எழுத்தைப்போல நேர்கோணத்தில் மடிந்த இரண்டங்குல அலுமினியப் பட்டை வேண்டும். அதனை முக்கால் அடி நீளத்தில் நான்கு துண்டுகளாக அறுத்துக்கொள்க. ஒவ்வொரு துண்டையும் மடிப்புக் கீழ்நோக்கித் தோணியின் அடிப்பாகம்போல இருக்குமாறு பிடித்தால், இரண்டு சாய்ந்த பக்கங்கள் வெளிப்புறமாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டாக வெளிப்புறத்தில் நான்கு சில்லுகளைப் பூட்டவேண்டும். சில்லின் விளிம்பு மடிப்பின் முனையளவுக்கு வருமாறு துளையின் இடத்தைக் குறித்தல் முறை. சில்லுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு வாஷர் இட்டால் உராய்வு இராது. இவ்வாறு பூட்டியபின் இரு பக்கச் சில்லுகளும் கீழே ஒன்றையொன்று நோக்கிச் சரிந்து ஒரு பள்ளத்தை உண்டாக்கும். அப்பள்ளத்தில் குழாய் அமரும். முதலில் ஒரே ஒரு துண்டைச் செய்து குழாயின் மேல் வைத்துப் பார்த்து, சரியென்று கண்டபின் மற்ற மூன்றையும் துளையிடுவதே வீண்செலவைத் தவிர்க்கும்.

இத்துண்டுகளை மேடையின் அடியிற் பொருத்துவதற்கு மரக்கட்டைகளின் கீழ்விளிம்பை அதே தோணி வடிவிற் சீவி, பட்டையை அதன்மேற் கவித்துத் திருகாணியிட வேண்டும். போல்ட்டின் தலைகள் உட்புறம் இருக்குமாதலால் அவை புகுவதற்கு மரத்திற் சிறு குழிகள் தோண்டிக்கொள்ளல் வேண்டும். இடப்பக்கத்து இரண்டும் ஒரே நேர்கோட்டில், வலப்பக்கத்து இரண்டும் ஒரே நேர்கோட்டில், இவ்விரு கோடுகளுக்கும் இடையே எங்கும் இரண்டடி என்னுங் கணக்கு ஒரு நூலளவும் பிசகாதிருக்க வேண்டும். இவ்வேலையில் அவசரம் காட்டுபவர் பின்னர் ஒவ்வொரு படப்பிடிப்பிலும் அதன் பலனை அனுபவிப்பர்.

இவ்வமைப்பின் நன்மை இரண்டு. மேடையின் பாரமே சில்லுகளைக் குழாயின் நடுவுக்கு இறக்கிவிடுவதால் வண்டி தானாகவே பாதையைப் பற்றிக்கொள்ளும். மேலும் ஒரு பக்கத்தில் இரண்டு சில்லுகள் அடுத்தடுத்து இருப்பதனால், ஒன்று குழாயின் பொருத்தைக் கடக்கும்போது மற்றது பாரத்தைத் தாங்கும். குலுக்கம் கமராவை எட்டுமுன் பாதியாகக் குறைந்துவிடும்.

பாதைக்கு ஒன்றரை அங்குலப் பி.வி.சி. குழாய் மலிவானது, எளிதிற் கிடைப்பது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது, தண்ணீர்க் குழாய்க்கு இடுவதுபோல வெளியே மூட்டு இடுதல் ஆகாது. சில்லு அதன்மேல் ஏறிக் குதிக்கும். குழாயின் உள்ளே இறுக்கமாகப் புகும் மரக்கட்டையைச் செலுத்தி, வெளிப்புறம் வழுவழுப்பாக இருக்குமாறு முனைக்கு முனை சேர்த்தல் வேண்டும். இடக்குழாயின் பொருத்தும் வலக்குழாயின் பொருத்தும் நேருக்கு நேர் வராதவாறு முன்பின்னாக அமைத்தால் மேடை முழுவதும் ஒருமிக்கக் குலுங்காது.

குழாய்கள் விலகாதிருக்க, புகைவண்டிப் பாதைக்குச் சிலிப்பர்க்கட்டை இடுவதுபோல, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகளை இட்டு, கட்டையிற் குடைந்த பள்ளங்களிற் குழாயைப் பதிக்க வேண்டும். கட்டைகள் இன்றேல் குழாய் நடுவே தொய்ந்து, வண்டி அலைமேல் ஏறியிறங்கும் வள்ளம் போலாகும். பாதையின் இரு கோடியிலும் தடைக்கட்டை கட்டாயம் வேண்டும்; கமராவும் அதன் பின்னால் நிற்கும் ஆளும் தரையில் விழுந்தபின் அதன் அருமையை உணர்வதாற் பயனில்லை. வெயிலிற் கிடந்தால் குழாய் வளைந்துவிடும். ஆகவே படப்பிடிப்பு முடிந்ததும் நிழலிலே, சமதரையிலே படுக்கவைத்தல் நன்று. வண்டியையும் நாட்கணக்கில் பாதைமேல் நிறுத்திவைத்தால் சில்லுகளில் தட்டைத் தழும்பு விழும். அதனை எடுத்துத் தனியே வைத்தல் நலம்.

இனிச் சாய்வு. பாதை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் படத்தின் அடிவானம் சரியும். முன்னோக்கித் தாழ்ந்திருந்தால் வண்டி தானாகவே ஓடும். மேசன்மார் கையாளும் நீர்மட்டம் இருந்தால் வேலை எளிது. இல்லாவிடில், ஒளியூடுருவும் நெகிழ்குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, அதன் இரு முனைகளையும் பாதையின் இரு கோடிகளிற் பிடித்தாற் போதும். நீர் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது இயற்கை வகுத்த விதி, அதற்குச் செலவில்லை. தாழ்ந்த இடங்களிற் கட்டையின் கீழ் ஆப்பு வைத்து உயர்த்துக. மணற்றரையாயின் கட்டையின் அடியிற் பலகை இடாவிட்டால், வண்டியின் பாரம் ஏறிய மறுகணமே மட்டம் மாறிவிடும்.

ஓசை மூன்றாவது பகை. நடிகர் பேசும்போது சில்லு கிறீச்சிட்டால் அக்காட்சி வீண். குழாயை உலர்ந்த துணியால் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைச் சிறிது தூவினால் கிறீச்சொலி அடங்கும். ஒரேயொரு மணற்பருக்கைகூட ஒலியையும் குலுக்கத்தையும் ஒருங்கே தரவல்லது. கடற்காற்று வீசும் ஊர்களிற் குண்டுத்தாங்கி துருவேறும். மெல்லிய எண்ணெய் ஓரிரு துளி இடுதல் நன்று. ‘மூச்சுத் திணற’, ‘எல் மரியாச்சி’ ஆகிய இரண்டு படங்களிலும் கமராவே ஓசைப்படுவதாயிருந்தது. அவற்றை எடுத்தவர்கள் ஒலியைப் படத்தோடு ஒருங்கே பதியாமல் தனியே பதிந்து சேர்த்தனர். அவ்வழியும் உண்டு, ஆனால் அது வேறொரு பெருவேலை.

இத்தனையும் செய்த பின்னும் வண்டி நடுங்குகிறதாயின், பெரும்பாலும் அதன் காரணம் பாரக்குறைவே. பழைய படமனைக் கமராக்கள் பாரமானவை. பாரமுள்ள பொருளைச் சிறு குலுக்கம் அசைக்கமாட்டாது. இன்று பலர் கைபேசியிலேயே படம் பிடிக்கின்றனர். அதன் நிறை இருநூறு கிராம் அளவே. அதனை வெற்று மேடையில் வைத்தால் ஒவ்வோர் அதிர்வும் அதனைச் சென்றடையும். மேடைமேல் மணல்மூட்டை ஒன்றோ நான்கு செங்கற்களோ வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். பரந்த காட்சியைத் தரும் வில்லை சிறு குலுக்கத்தை மறைக்கும். தொலைவை அருகிற் காட்டும் வில்லை அதனைப் பன்மடங்காகப் பெருக்கும். ஆகவே மலிவான வண்டிக்குப் பரந்த வில்லையே உற்ற துணை.

கமராவை உடலிற் பூட்டிக்கொண்டு நடந்தாலும் படம் ஆடாமல் இருக்கச்செய்யும் ஸ்டெடிகாம் என்னுங் கருவியை அமெரிக்கரான கரட் பிறவுண் 1970களில் உருவாக்கினார். 1976இல் வெளிவந்த ‘பவுண்ட் ஃபோர் குளோரி’ என்னும் படத்தில் அது கையாளப்பட்டது. இப்போது கையிற் பிடிக்கும் சிறு மின்கருவிகளும் உள. இவை இருக்க வண்டி எதற்கு என்று கேட்கலாம். நடப்பவர் எவ்வளவு பயின்றவராயினும் அவர் நடையின் சாயல் படத்திற் சிறிதேனும் கலந்துவிடும். நூல் பிடித்தாற்போன்ற நேர்க்கோட்டில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் அதே வழியிற் செல்வது பாதைமேல் ஓடும் வண்டிக்கே இயல்பு.

வண்டி ஆயத்தமானபின் அதனைத் தள்ளுபவரின் கை முக்கியமாகிறது. பெரும் படங்களில் இதற்கெனவே தேர்ந்த தொழிலாளர் உளர். அவர்களின் வித்தை புறப்படும் கணத்திலும் நிற்கும் கணத்திலும் இருக்கிறது. உறங்கும் குழந்தையின் தொட்டிலை ஆட்டத் தொடங்குவதுபோலத் தொடங்கி, அவ்வாறே ஓயவேண்டும். புறப்படும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் வெண்கட்டியாற் குறித்துக்கொள்க. கமரா நெருங்கும்போது தூரம் மாறுவதால், வில்லையைத் திருகித் தெளிவு காப்பதற்கு வேறொருவர் வேண்டும். இடையிடையே தூரத்தை அளந்து குறித்து வைத்தல் அவருக்கு உதவும். நடிகர், தள்ளுபவர், வில்லையைத் திருகுபவர், கமராவின் பின் நிற்பவர் ஆகிய நால்வரும் ஒரே தாளத்தில் இயங்கப் பல முறை ஒத்திகை பார்த்தல் இன்றியமையாதது.

இவ்வளவும் கை வேலை. இனி வருவது கருத்து வேலை, கடினமானதும் அதுவே. வண்டி கைக்கு வந்தவுடன் எல்லாக் காட்சியிலும் அதனை ஓட்ட ஆசை பிறக்கும். புதிதாகச் சைக்கிள் வாங்கிய சிறுவன் அடுத்த வீட்டுக்கும் அதிலேயே போவதை ஒப்பது இது. கமரா நகர்வதற்குக் காரணம் காட்சிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். ஒருவன் தெருவிலே நடக்கிறான். அவனோடு கூடச் செல்வதற்கு நகரலாம். ஒருத்தி கடிதத்தை வாசித்து முடித்து நிமிர்கிறாள். அவள் உள்ளத்தில் ஏதோ முடிவு பிறக்கிறது. அதைக் காண்பதற்கு மெல்ல நெருங்கலாம். எல்லாரும் போய்விட்ட வீட்டில் கிழவர் ஒருவர் தனித்திருக்கிறார். அவர் தனிமையைக் காட்டப் பின்வாங்கலாம். இவ்வாறு ஒரு சொல்லிற் காரணம் கூற முடியாவிடின், கமரா நின்ற இடத்தில் நிற்பதே மேல். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1958 தொடக்கம் எடுத்த நிறப் படங்களில் கமராவை இடம்பெயர்க்கவே இல்லை. அதனால் அப்படங்களின் ஆழம் குறைந்ததென்று கூறுவார் இலர்.

காரணமின்றி நகர்தல் அழகுக் குறைவு மாத்திரமன்று. சில வேளை அது அறக்குறைவும் ஆகும். 1960இல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ ‘காப்போ’ என்னும் படத்தை வெளியிட்டார். நாசியரின் வதைமுகாமைப் பற்றிய படம் அது. அதில் கைதியான ஒரு பெண் மின்வேலியில் விழுந்து உயிர் துறக்கிறாள். அந்நேரம் கமரா, வண்டியில் முன்னோக்கிச் சென்று, அவள் உடலையும் உயர்ந்த கையையும் அழகுற அமைந்த சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. மறு ஆண்டு பிரெஞ்சு விமரிசகர் ஜாக் ரிவெத் இந்த ஒரு நகர்வைச் சுட்டி மிகக் கடுமையாகக் கண்டித்தார். அத்தகைய மரணத்தின் முன் நின்று, கோணம் அழகாக அமைகிறதா என்று எண்ணி வண்டியைத் தள்ளச் செய்தவரை அவர் மன்னிக்கவில்லை. சில அடித் தூரம் ஓடிய ஒரு வண்டியைப் பற்றி எழுந்த அவ்விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஓயவில்லை.

இந்நாட்டில் இவ்விவாதம் தொலைவிலுள்ள ஒன்றன்று. போர் 2009இல் முடிந்தது. காணாமற் போனவர்களின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் உளர். இடம்பெயர்ந்து மீண்டவர்களும் மீளாதவர்களும் உளர். அவர்களின் கதைகளைச் சிறிய கமராக்களுடன் இளைஞர்கள் எடுக்க முயல்கிறார்கள். அழும் முகத்தை நோக்கி வண்டியைத் தள்ளுவதற்கு முன், இந்நெருக்கம் அம்முகத்துக்கு உரியவளை அறிவதற்கா, பார்ப்பவரின் கண்ணீரைப் பறிப்பதற்கா என்று கேட்டுக்கொள்வது எடுப்பவரின் கடமை. விலையுயர்ந்த வண்டி வைத்திருப்பவருக்கும், குழாயும் பலகையும் கொண்டு வண்டி செய்தவருக்கும் இக்கேள்வி ஒன்றே.

ஆதலின், வண்டியைச் செய்து முடித்தவர் முதலில் ஓர் எளிய பயிற்சி செய்து பார்க்கலாம். வீட்டாரில் ஒருவரைத் திண்ணையில் அமர்த்தி, ஏதேனும் ஒரு வேலையில் ஈடுபடச் செய்க. கீரை ஆய்வதோ, பாய் இழைப்பதோ, கணக்கு எழுதுவதோ எதுவாயினும் ஆகுக. அதனை ஒரு முறை கமராவை அசையாது நிறுத்திப் பிடிக்க. மறுமுறை பத்தடிப் பாதையில் மெல்ல நெருங்கிச் சென்று பிடிக்க. பின்னர் இரண்டையும் கமராவைப் பற்றி ஒன்றும் அறியாத அயலவர் ஒருவருக்குக் காட்டி, எதில் அம்மனிதரை நன்கு அறிந்துகொண்டார் என்று கேட்க. இரண்டாவதில் என்று அவர் கூறினால் வண்டி தன் வேலையைச் செய்துவிட்டது. முதலாவதில் என்று கூறினால், அன்றைக்கு வண்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு, முக்காலியை மாத்திரம் எடுத்துச் செல்லலாம்.